வெண்புகைக்குப் பிறகு யார் பேச்சைக் கேட்பது?

கேள்வி இதுதான்: புதிய போப் யார் என்று பெயர் சொல்வதற்கு முன்பே சதுக்கத்தில் நிற்பவர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பெயர் சொன்ன அரை மணி நேரத்தில் ஒருவர் 'முற்போக்காளர்' என்கிறார், இன்னொருவர் 'பழமைவாதி' என்கிறார், மூன்றாமவர் 'மார்க்சியர்' என்கிறார். இந்த எதிர்வினைகளில் எதையாவது பொருட்படுத்த வேண்டுமா, இல்லை எல்லாமே வெறும் சத்தம்தானா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரோடு முன்பே பழகியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு வரலாற்றில் நிறையவே ஆதாரம் இருக்கிறது.

முதலில் அந்த அழுகையைப் பார்ப்போம். 2025 மே 8, வியாழக்கிழமை மாலை. கர்தினால்கள் கூடி வாக்களிக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில், புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே, கடற்காகங்கள் தங்கள் குஞ்சோடு உலாத்திக்கொண்டிருந்தன. புகைபோக்கியை விட்டு நகராத நேரலைக் கேமராவில் அந்தக் குஞ்சு தத்தித் தத்தி நடப்பதை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. 6 மணி தாண்டிய சற்று நேரத்தில் புகை வந்தது. வெள்ளை. உள்ளே 133 கர்தினால்கள் நான்காவது வாக்கெடுப்பில் ஒருவரைத் தேர்ந்துவிட்டார்கள். குறைந்தது 89 வாக்குகள் வேண்டும், அது விழுந்துவிட்டது. புனித பேதுரு பேராலயத்தின் மணிகள் அடிக்கத் தொடங்கின. ஆனால் யார் என்று தெரிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த ஒரு மணி நேரம் முழுக்கச் சதுக்கத்தில் ஆட்டமும் கண்ணீரும்தான். ரோமின் தெருக்களில் வேலையிலிருந்து நேராக ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு இது புரியாமல் இருப்பது நியாயம்தான். கத்தோலிக்கனாக எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு திருப்பலியிலும் போப்பின் பெயரைச் சொல்லி மன்றாடுவோம். போப் இறந்ததும் அந்த இடத்தில் பெயர் வராது. அந்த வரியில் அவரைக் குறிக்கும் சொற்களை விட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். முந்தைய போப் பிரான்சிஸ் ஏப்ரல் 21 அன்று, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், இறந்தார். அதிலிருந்து 17 நாட்கள் அந்த வரி வெறுமையாக இருந்தது. தினமும் அதைக் கேட்கிறவர்களுக்கு அந்த வெறுமை நன்றாகவே உறைக்கும். வெண்புகை வந்ததும் அந்த இடத்தில் இனி ஒரு பெயர் வரும் என்று தெரிந்துவிடுகிறது. ரோம்காரர்களுக்கோ கூடுதலாக ஒன்று: போப் என்பவர் முதலில் அவர்கள் ஊர் ஆயர். ஆக அந்த அழுகை உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால் வரப்போகிற ஆளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

பிறகு மாடத்துக் கதவு திறக்கிறது. மூத்த கர்தினால் திருத்தொண்டர் வந்து இலத்தீனில் அறிவிக்கிறார்: "ஹாபேமுஸ் பாப்பாம்", நமக்கு ஒரு திருத்தந்தை கிடைத்திருக்கிறார். முதலில் சொந்தப் பெயரை மட்டும் சொல்வார். கொஞ்சம் இடைவெளி விட்டு, பிறகு குடும்பப் பெயர். இந்த இடைவெளியில் நடப்பதைத்தான் நான் ஒவ்வொரு முறையும் உன்னிப்பாகக் கவனிப்பேன். 1978 அக்டோபர் 16 அன்று "கரோலும்" என்று கேட்டதும், கார்லோ கொன்ஃபலொனியேரி என்ற 85 வயது கர்தினாலைத்தான் சொல்கிறார்களோ என்று சிலர் திகைத்தார்கள். அடுத்து "வொய்த்திவா" என்று வந்தது. யாரது? ஆப்பிரிக்கரா? 455 ஆண்டுகளாக இத்தாலியரை மட்டுமே பார்த்துப் பழகிய சதுக்கம் அது. சற்று நேரத்தில் அந்தப் போலந்துக்காரர், பின்னாளில் இரண்டாம் யோவான் பவுல் என்று உலகம் அறிந்தவர், மாடத்துக்கு வந்து இத்தாலிய மொழியிலேயே பேசினார். தவறாகப் பேசினால் என்னைத் திருத்துங்கள் என்றார். கூட்டம் அப்போதே அவரைத் தன் ஆளாக்கிக்கொண்டது.

பிரான்சிஸ் தேர்ந்தெடுக்கப்பட்ட 2013 மார்ச் 13இல் திகைப்பு இன்னும் பெரியது. இத்தாலிய ஆயர் பேரவை, மிலான் கர்தினால் ஆஞ்செலோ ஸ்கோலா தேர்ந்தெடுக்கப்பட்டதாக நினைத்து வாழ்த்துச் செய்தியே அனுப்பிவிட்டது. உள்ளே இருக்கும் ஆட்களை அன்றாடம் பார்க்கும் ஓர் அமைப்புக்கே இந்த நிலை என்றால், தூரத்திலிருந்து ஆரூடம் சொல்பவர்களைப் பற்றி என்ன சொல்வது. "போப்பாக உள்ளே போகிறவர் கர்தினாலாக வெளியே வருவார்" என்று ரோமில் ஒரு பழமொழியே உண்டு. 1939இலும் 1963இலும் 2005இலும் அது பலிக்கவில்லை என்பதும் உண்மை.

சரி, முத்திரை குத்தும் கட்டத்துக்கு வருவோம். கைபேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பழக்கம் இருந்தது.

1846 ஜூனில் ஒன்பதாம் பியுஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு மாதத்தில் அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். ரோம் கொண்டாடியது. இத்தாலி முழுக்கத் தாராளவாதிகள் "வீவா பியோ நோனோ" என்று முழங்கினார்கள். இத்தாலியை ஒன்றிணைக்கப்போகும் போப் இவர்தான் என்று நம்பினார்கள். இரண்டே வருடத்தில், 1848 நவம்பரில், புரட்சிக்குப் பயந்து அதே போப் மாறுவேடத்தில் கயேத்தாவுக்குத் தப்பி ஓடினார். 1864இல் நவீன உலகின் பிழைகள் என்று ஒரு பட்டியலே வெளியிட்டார். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1881இல், உடலை வேறு பேராலயத்துக்கு இரவில் எடுத்துச் சென்றபோது ஒரு கும்பல் ஊர்வலத்தைத் தாக்கி, பெட்டியை டைபர் ஆற்றில் தள்ளிவிட முயன்றது. ஊர் அதே ரோம்தான். 1846இல் அவருக்கு மலர் தூவிய கைகளின் பிள்ளைகள்கூட அந்தக் கும்பலில் இருந்திருக்கலாம்.

இதற்கு நேரெதிர் கதை இருபத்து மூன்றாம் யோவானுடையது. 1958 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு 77 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 'இடைக்கால போப்' என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். கொஞ்ச நாள் இருப்பார், பெரிதாக ஒன்றும் நடக்காது என்று. மூன்று மாதம்கூட முடியவில்லை. 1959 ஜனவரி 25 அன்று உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடும் பொதுச்சங்கம் ஒன்றைக் கூட்டப்போவதாக அறிவித்தார். அதுதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம். இன்று நாங்கள் தாய்மொழியில் திருப்பலி காண்பதே அந்தச் சங்கத்தால்தான். முதல் நாள் கணிப்பு இதைவிடப் பெரிதாகத் தவற முடியாது.

2005க்கு வந்தால், பத்திரிகைத் தலைப்புகளே ஒரு பாடம். ஏப்ரல் 19இல் ஜோசப் ராட்சிங்கர் பதினாறாம் பெனடிக்ட் ஆனார். மறுநாள் ஜெர்மனியின் 'பில்ட்' முழுப் பக்கத்தில் "நாமே போப்" என்று பெருமிதப்பட்டது. அதே ஜெர்மனியின் இடதுசாரி நாளிதழ் 'தாட்ஸ்' முதல் பக்கத்தைக் கறுப்பாக்கி "ஐயோ, கடவுளே!" என்று மட்டும் போட்டது. லண்டனின் 'சன்' அவருடைய ஹிட்லர் இளைஞர் அணி நாட்களைத் தலைப்பாக்கியது. அவர் சிறுவனாக இருந்தபோது அதில் சேர்வது கட்டாயம் என்ற விவரம் தலைப்பில் இடம்பெறவில்லை. 'கடவுளின் வேட்டைநாய்' என்று அவருக்கு ஏற்கெனவே பட்டப்பெயர் இருந்தது. அப்படிப்பட்டவர் எழுதிய முதல் சுற்றுமடலின் பொருள் அன்பு. கடைசியில் 2013 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். தானாக விரும்பி விலகிய போப் 1294க்குப் பிறகு அவர்தான். கறுப்புப் பக்கம் போட்டவர்களும் சரி, பெருமிதப்பட்டவர்களும் சரி, இதை எதிர்பார்க்கவே இல்லை.

அந்த நாளில் ஒரே ஒருவரின் எதிர்வினை என் மனத்தில் நின்றது. இறையியலாளர் ஹான்ஸ் குங். 1960களில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ராட்சிங்கரோடு வேலை பார்த்தவர். பிறகு கருத்து மோதலில் பிரிந்தவர். கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் உரிமையை 1979இல் வத்திக்கான் அவரிடமிருந்து பறித்தது. கோபப்பட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. பெரும் ஏமாற்றம் என்று வெளிப்படையாகவே சொன்னார். கூடவே, அமெரிக்க அதிபருக்குக் கொடுப்பது போல இவருக்கும் 100 நாள் அவகாசம் கொடுப்போம் என்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் போப் அவரை அழைத்து, காஸ்தெல் கந்தொல்ஃபோவில் மணிக்கணக்கில் பேசினார். நெருங்கிப் பழகிய எதிராளிக்குத் தெரிந்த அளவு தூரத்து ரசிகருக்குத் தெரியாது என்று அன்று எனக்குத் தோன்றியது. அப்போதிலிருந்துதான் இப்படிக் கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது.

இதே காதோடு போலந்தைக் கேட்டுப் பாருங்கள். 1978இல் கம்யூனிஸ்ட் அரசு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. 'போலந்து தேசத்தின் மகன்' என்று வாழ்த்துத் தந்தி அனுப்பிச் சமாளித்தது. கிராக்கோவில் மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள், ஆலய மணிகள் ஒலித்தன. அந்த ஊர்க்காரர்களுக்கு வொய்த்திவா யாரென்று தெரியும். கோவிலே இல்லாத எஃகு ஆலை நகரமாக அரசு திட்டமிட்டுக் கட்டிய நோவா ஹுத்தாவில், கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியை வெட்டவெளியில், குளிரில் நின்று நிறைவேற்றியவர் அவர். அங்கே கோவில் கட்ட வருடக்கணக்கில் அரசோடு மல்லுக்கட்டி, 1977இல் அதை அர்ச்சித்தும் வைத்தார். 'பனிப்போரில் இவர் எந்தப் பக்கம்' என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்த எஃகு ஆலைத் தொழிலாளர்கள் இவர் விடமாட்டார் என்று அறிந்திருந்தார்கள். 1979 ஜூனில் அவர் போலந்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே அந்த அரசை எதிர்த்து நின்ற சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறந்தது.

பழகியவர்கள் என்றால் புகழ்கிறவர்கள் மட்டும் இல்லை. இதை எனக்குப் புரியவைத்தது 2013தான். பிரான்சிஸின் குடும்பப் பெயரான பெர்கோலியோ என்று அறிவிப்பு வந்ததும் புவெனஸ் ஐரிஸில் கார் ஹாரன்கள் அலறின. அதே இரவில் அர்ஜென்டினாவிலிருந்தே ஒரு கறுப்பான கேள்வியும் வந்தது. 1976இல், இராணுவ ஆட்சி தொடங்கிய ஆண்டில், குடிசைப் பகுதியில் பணியாற்றிய ஓர்லாந்தோ யோரியோ, ஃபிரான்ஸ் யாலிக்ஸ் என்ற இரண்டு இயேசு சபைக் குருக்கள் கடத்தப்பட்டு ஐந்து மாதம் சித்திரவதை அனுபவித்தார்கள். அப்போது அந்நாட்டு இயேசு சபையின் தலைவர் பெர்கோலியோ. அவர் தங்களைப் பாதுகாக்கவில்லை, கைவிட்டுவிட்டார் என்று யோரியோ சாகும் வரை நம்பினார். உயிரோடிருந்த யாலிக்ஸ், தேர்தல் நடந்த சில நாட்களில் அறிக்கை விட்டார்: முன்பு தானும் அப்படித்தான் நினைத்ததாகவும், பின்னால் விசாரித்ததில் பெர்கோலியோ தங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்ததாகவும் சொன்னார். அதே ஆட்சியில் சிறையில் வதைபட்ட நோபல் விருதாளர் அதோல்ஃபோ பெரெஸ் எஸ்கிவெலும், பெர்கோலியோவுக்குச் சர்வாதிகாரத்தோடு தொடர்பில்லை என்றார்.

இந்த வாதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது தீர்ப்பு அல்ல, அங்கே பேசியவர்கள் யார் என்பதுதான். எல்லோரும் அந்தக் காலத்தை உடம்பால் அனுபவித்தவர்கள். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் எடை இருந்தது. அதே வாரத்தில் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடிய 'பழமைவாதியா, சீர்திருத்தவாதியா' என்ற விவாதத்துக்கு அந்த எடை இல்லை. 2010இல் அர்ஜென்டினாவில் ஒருபாலினத் திருமணச் சட்டத்தை அவர் எதிர்த்ததை வைத்துப் பலர் கணக்கை முடித்துவிட்டார்கள். ஆனால் அவர் பேருந்தில் வந்திறங்குவதைப் பார்த்திருந்த குடிசைப் பகுதி மக்கள், இவர் ஏழைகளிடம்தான் முதலில் போவார் என்றார்கள். அந்த ஜூலையில் ரோமுக்கு வெளியே அவர் முதல் பயணம் போனது, குடியேறிகள் கடலில் உயிரைப் பணயம் வைத்து வந்து சேரும் லம்பெதூசா தீவுக்கு.

அவர் தேர்வான இரவில் மாடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். "மாலை வணக்கம்" என்று தொடங்கியவர், கூட்டத்தை ஆசீர்வதிப்பதற்கு முன், தனக்காக மன்றாடும்படி அவர்களைக் கேட்டுத் தலையைக் குனிந்தார். மழையில் நனைந்து, ஒரு நிமிடம் முன்பு வரை கத்திக்கொண்டிருந்த அத்தனை பெரிய சதுக்கம் அப்படியே அடங்கிப்போனது. பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். ஒரு கூட்டத்தின் எதிர்வினை என்றால் ஆரவாரம்தான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது மறுபடி 2025. "ரோபெர்த்தும் ஃப்ரான்சிஸ்கும்... ப்ரேவோஸ்ட்" என்று கர்தினால் மம்பெர்த்தி அறிவித்ததும் சதுக்கத்தில் பாதிப் பேர் கைபேசியைத் தட்டத் தொடங்கினார்கள். சிகாகோவில் பிறந்தவர், அமெரிக்காவிலிருந்து வந்த முதல் போப், பெருவின் குடியுரிமையும் உள்ளவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் பதினான்காம் லியோ. பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்களில் லியோவுக்குச் சிங்கராயர் என்று பெயர், அந்த அழகான சொல் இன்று வழக்கில் தேய்ந்துவிட்டது. பதிமூன்றாம் லியோ 1891இல் தொழிலாளர் உரிமை பற்றிச் சுற்றுமடல் எழுதியவர் என்பதால், பெயரைக் கேட்டதுமே விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்புக் கிடைத்தது. அவரும் இரண்டு நாள் கழித்துக் கர்தினால்களிடம் அதே காரணத்தைச் சொன்னார். அன்று தொழிற்புரட்சி, இன்று செயற்கை நுண்ணறிவு என்று.

இதற்குள் முத்திரைகள் குவிந்துவிட்டன. அவர் எக்ஸ் தளக் கணக்கில் பிப்ரவரியில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸை மறுக்கும் கட்டுரையைப் பகிர்ந்திருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். அதிபர் ட்ரம்ப் 'பெரும் கௌரவம்' என்று வாழ்த்திக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஆதரவு வட்டத்தில் ஒரு பரப்புரையாளர் 'மார்க்சியர்' என்று எழுதினார். இன்னொரு பக்கம் 2012இல் அவர் ஒருபாலின உறவுகள் பற்றிப் பேசிய கடுமையான உரையைத் தோண்டி எடுத்து முற்போக்காளர்கள் கவலைப்பட்டார்கள். பிரான்சிஸ் அணியாமல் விட்ட சிவப்புத் தோளாடையை இவர் அணிந்து வந்ததும் மரபுவாதிகள் நிம்மதியடைந்தார்கள். சிகாகோவில் எந்தப் பேஸ்பால் அணியின் ரசிகர் என்பதிலேயே முதலில் தவறான செய்தி பரவி, அவர் வைட் சாக்ஸ் ரசிகர் என்று அவருடைய அண்ணன்தான் திருத்த வேண்டியிருந்தது. விளையாட்டணி விஷயத்திலேயே முதல் மணி நேரத்துத் தகவல் இந்த லட்சணம் என்றால், இறையியல் விஷயத்தில் எப்படி இருக்கும்.

அவர் பேசியது இத்தாலிய மொழியில். ஆங்கிலம் ஒரு சொல்லும் இல்லை. நடுவில் ஸ்பானியத்துக்கு மாறி ஒரே ஓர் ஊரின் பெயரைச் சொன்னார்: சிக்லாயோ. பெருவின் வடக்கே, 2015 முதல் 2023 வரை அவர் ஆயராக இருந்த மறைமாவட்டம். அந்த ஊரின் எதிர்வினைதான் அன்று நான் தேடிப் படித்தது. பேராலயத்துக்கு முன் மக்கள் கூடினார்கள். வெள்ளம் வந்த காலத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றுத் தண்ணீரில் அவர் நிற்கும் படம் கைக்குக் கை மாறியது. கொரோனாவில் ஆக்சிஜன் நிலையத்துக்குப் பணம் திரட்டியதைச் சொன்னார்கள். கொள்கை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நம்மோடு இருந்தார், அவ்வளவுதான் அவர்கள் சொன்னது.

அதே சிக்லாயோவிலிருந்து இரண்டாவது குரலும் வந்தது. சிறுமிகளாக இருந்தபோது இரண்டு குருக்கள் தங்களிடம் தவறாக நடந்தார்கள் என்று 2022இல் ஆயர் ப்ரேவோஸ்டிடம் முறையிட்ட மூன்று பெண்கள், விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்று முன்பே பகிரங்கமாகச் சொல்லியிருந்தார்கள். பாதிக்கப்பட்டோருக்கான அமெரிக்க அமைப்பான ஸ்நாப், தேர்தல் நாளிலேயே இதை எழுப்பிக் கவலை தெரிவித்தது. மறைமாவட்டத்தின் பதில்: ஆயர் அவர்களை நேரில் சந்தித்தார், அரசு அதிகாரிகளிடமும் புகார் கொடுக்கச் சொன்னார், முதற்கட்ட விசாரணை நடத்தி ரோமுக்கு அனுப்பினார். ஸொடாலிசியோ என்ற பெருவிய அமைப்பின் கொடுமைகளை வெளிக்கொணர்ந்த செய்தியாளர்களும், தங்களுக்குத் துணை நின்ற ஆயர் இவர் என்று அவருக்காகப் பேசினார்கள்.

ஊருக்கு உதவியவர் என்று பூட்ஸ் படத்தைக் காட்டியவர்களும், எங்களுக்குப் பதில் வரவில்லை என்ற பெண்களும் ஒரே ஊர்தான், ஒரே ஆயரைத்தான் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஆனால் கொண்டாட்ட நாளில் இரண்டாவது குரல்தான் முதலில் மூழ்கும். என் சபையைச் சேர்ந்தவர்களே "இன்றைக்குப் போய் இதையா பேசுவது" என்று முகம் சுளித்தார்கள். இது எனக்கு வலித்தது. வேறு என்றைக்குப் பேசுவது? உலகமே அந்த மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்குத்தானே, சிக்லாயோவுக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாத மூன்று பெண்களின் கேள்வி எல்லார் காதிலும் விழ ஒரு வாய்ப்பு இருந்தது.